கவ்வாத்துப் பிரசங்கம்

போன மாதம் பதுளையில் நடந்த இளம் உபதேசிமார் கூட்டத்தில் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, பிரசங்கத்துக்கு உதாரணமெல்லாம் எங்கேருந்துங்க எடுப்பீங்க?" பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. "சும்மா வெளியில பாத்தாப் போதும் தம்பி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் அந்தப் பதில் எனக்கே உறுத்தியது. பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதியில் ஒரு பெண்ணின் கால் இருக்கிறது. அதையும் சொல்லாமல் உங்களை மலைக்கு அனுப்பினால் நான் செய்தது துரோகம்.

முப்பது வருடத்துக்கு மேல் உபதேசியாராக இருந்தேன். பசறைக்கும் ஸ்பிரிங்வெளிக்கும் இடையில் ஐந்தாறு தோட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கோயில். குருவானவர் மாதம் ஒரு தடவை வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகள் என் தலையில். வாரம் ஆறு நாள் மலையில் நின்றுவிட்டு வருகிற சனத்துக்குப் பெரிய பெரிய வார்த்தை பேசினால் பத்தாவது நிமிடத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அதனால் மலையிலிருந்தே பேசப் பழகினேன். மார்கழிப் பனிக்கு ஒரு பாடம், ஆடி மாதத்து வறண்ட காற்றுக்கு ஒரு பாடம், முதல் மழையில் துளிர்க்கிற கொழுந்துக்கு ஒரு பாடம். "நம்ம ஐயா இடி இடிச்சாலும் அதுல ஒரு வசனத்தைப் புடிச்சிருவாரு" என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு அது கிண்டலாகவே படவில்லை, பட்டமாகப் பட்டது. ஆள் கெட்டுப்போவதற்கு அது போதும்.

நான் சொல்லப்போகும் தோட்டத்தின் பெயர் வேண்டாம். வருடக் கடைசி மழை விட்டு, தை மாதக் குளிர் பிடித்திருந்த நேரம். கோயிலுக்கு எதிரேயுள்ள மலையில் கவ்வாத்து வெட்டி முடித்திருந்தார்கள். உங்களில் டவுனில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: சில வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே மொட்டையாக வெட்டிவிடுவார்கள். மலை முழுக்கக் குச்சி குச்சியாக நிற்கும். பார்க்கப் பாவமாக இருக்கும். பிறகு அதிலிருந்துதான் நல்ல கொழுந்து வரும். பிரசங்கியாருக்கு இதைவிட என்ன வேண்டும்? பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று எடுத்துக்கொண்டேன். கனி கொடுக்கிற கொடியைத் தோட்டக்காரர் வெட்டிச் சுத்தப்படுத்துகிறார் என்று ஆண்டவர் சொன்ன இடத்தை வாசித்தேன்.

வெறும் வார்த்தை போதாது என்று ஒரு கவ்வாத்துக் கத்தியையும் கடன் வாங்கிக்கொண்டு போனேன். அந்தக் கத்தி மாரிமுத்துவுடையது. அந்தத் தோட்டத்தில் அவரைவிடச் சுத்தமாக வெட்ட ஆள் இல்லை. அவர் கோயிலுக்கு வருகிறவர் அல்ல, மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிறவர். அவருடைய மனைவி ராகேல்தான் நம் சபைப் பெண். நாற்பது வயதிருக்கும், கொழுந்து எடுப்பவர், சீனி வருத்தக்காரி, சர்க்கரை நோய்க்குக் கிளினிக்கில் மாத்திரை வாங்குகிறவர். கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து, பாட்டில்கூடக் குரல் வெளியே வராத பெண்.

அந்தக் கத்தியைத் தூக்கிக் காட்டி நான் கேட்டேன்: "கத்தி படுறப்ப எந்தச் செடியாவது கத்தியிருக்கா? ஏன்னு முணுமுணுத்திருக்கா? கஷ்டம் வந்தா அது கர்த்தர் வெட்டுற கவ்வாத்து. பொறுத்துக்கங்க." இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அந்த வாரமே, வேலை முடிந்து விறகுக்கு மிலாறு பொறுக்கப் போன ராகேலின் காலில் குச்சி ஒன்று ஏறிவிட்டது. வெட்டிப்போட்ட தேயிலைக் கிளையைத்தான் மிலாறு என்போம். அதைப் பொறுக்கும்போது, சீவிய கிளையின் கூர்முனை செருப்பைத் தாண்டிப் பாதத்தில் குத்தியிருக்கிறது. அடுத்த ஞாயிறு துணி சுற்றிய காலோடு வந்தார். வாசலில் விசாரித்தேன்.

"என்ன ராகேலு, காலுக்கு மருந்து போட்டீங்களா?"

"ஆண்டவர் வெட்டுறாருங்க ஐயா. பொறுத்துக்கிறேன்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்தத் துணியை அவிழ்த்துப் பார்த்திருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. நான் செய்தது வேறு. அந்தப் பதிலை அப்படியே பிரசங்க மேடைக்குக் கொண்டுபோனேன். "நம்ம ராகேலு அக்காவைப் பாருங்க. போன வாரம் கேட்டதை இந்த வாரம் வாழ்ந்து காட்டுறாங்க" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்நாளில் ஒருவரும் திரும்பிப் பார்க்காத பெண் அவர். ஆராதனை முடிந்ததும் பெண்கள் அவர் கையைப் பிடித்து, எனக்காகவும் ஜெபியுங்க அக்கா என்று கேட்டார்கள். இனி அந்தக் கால் வலிக்கிறது என்று அவர் எந்த வாயால் சொல்வார்? நான் அவரை ஒரு பீடத்தில் ஏற்றி, ஏணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு நான் வேறு தோட்டத்தில். அங்கேயும் ராகேல் கதையைச் சொன்னேன். நன்றாகத்தான் எடுபட்டது.

புதன்கிழமை காலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மாரிமுத்து ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். வேலைக்குப் போகிற நேரத்தில் அவர் அங்கே நிற்கிற ஆள் இல்லை.

"ஐயா, காலு கறுத்துப் போச்சுங்க. நேத்துலேருந்து காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்குறா. கிளினிக்குக்கும் போகலையாம், போனா காலைப் பாத்துருவாங்கன்னு மாத்திரைகூட வாங்கல. எனக்கே நேத்துத்தான் தெரியும், காட்டவே இல்ல. நீங்க சொன்னாத்தான் கேப்பா."

கடைசி வாக்கியத்தில் அவருடைய குரல் மாறியது. கோபமா கெஞ்சலா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு ஏறும் பாதை மழையில் அரித்துப்போயிருந்தது. மாரிமுத்து வரச்சொல்லியிருந்த ஆட்டோ கீழ் வளைவோடு நின்றுவிட்டது. தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தது. நாங்கள் ஏறினோம். அவர்கள் குடியிருந்த காம்பரா வாசலுக்கு வருமுன்பே பாட்டுச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வாடை வந்தது. அந்த வாடையை நான் விவரிக்கமாட்டேன். ஒருமுறை முகர்ந்தால் உங்களுக்கும் தெரிந்துவிடும்.

உள்ளே ஐந்து பெண்கள் கட்டிலைச் சுற்றி முழங்காலில் இருந்தார்கள். முன்னால் இருந்தவர் எலிசபெத்தக்கா, சபையில் மூத்தவர், விதவை. ராகேலின் முகம் வெளிறி, உதடு காய்ந்திருந்தது. போர்வையை விலக்கினேன். விரல்கள் கறுத்திருந்தன. கணுக்காலுக்கு மேலே வீக்கம் பளபளவென்று நின்றது. ஒரு சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. நெற்றியைத் தொட்டால் கை சுட்டது.

"எழும்புங்க ராகேலு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

ராகேல் சிரித்தார். "சோதிச்சுப் பாக்குறீங்களா ஐயா?"

"சோதிக்கல தங்கச்சி. இது ஆபத்து."

"வெட்டுறப்ப கொஞ்சம் வாடத்தானே ஐயா செய்யும்? நீங்கதானே சொன்னீங்க."

என்னுடைய வார்த்தைதான். இழுவைகூட என்னுடையதுதான். பிரசங்கியாருக்குத் தன் பிரசங்கம் திரும்பி வருவது பெருமை என்று நினைத்திருக்கிறீர்களா?

நான் அப்போது செய்த முட்டாள்தனத்தையும் கேளுங்கள். ஒரு பிரசங்கத்தை இன்னொரு பிரசங்கத்தால் அடிக்கப் பார்த்தேன். அடிபட்டவனுக்கு எண்ணெய் வார்த்துக் காயம் கட்டிய சமாரியனைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே ராகேல் பதில் சொன்னார்: "அவன் கள்ளன்கிட்ட அடிபட்டவங்க ஐயா. என்னை வெட்டுறது ஆண்டவரு." எலிசபெத்தக்கா "ஆமென்" என்றார். அங்கே ஜெயித்தது ராகேல்தான், ஜெயிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தச் சிவப்பு இன்னும் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

மாரிமுத்து பொறுமை இழந்துவிட்டார். "பேசிக்கிட்டே இருங்க. நான் தூக்கிக்கிட்டுப் போறேன்" என்று கட்டிலுக்கு வந்தார். ராகேல் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பெண்கள் கூச்சல் போட்டார்கள். ஒருத்தி மாரிமுத்துவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

எனக்கு யோசிக்க நேரம் இல்லை. ஆனாலும் ஒன்று தெரிந்தது. தூக்கிக்கொண்டு போய்விடலாம், இரண்டு ஆண்கள் போதும். ஆனால் அங்கே டொக்டர் வெட்ட வேண்டும் என்று சொன்னால் கையெழுத்து வைக்க வேண்டியவர் ராகேல். இப்போது பலாத்காரம் செய்தால் அங்கே வாயைத் திறக்கமாட்டார். கால் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிரயோசனம் இல்லை, மனசும் கூட வர வேண்டும். மாரிமுத்துவின் தோளைப் பிடித்து நிறுத்தினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்தேன்.

"ராகேலு, நான் சொன்னது தப்பு" என்றேன்.

கூச்சல் நின்றது. எலிசபெத்தக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"கவ்வாத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. வாழ்க்கையில ஒரு செடி வெட்டினதில்ல. கத்தியை இரவல் வாங்கிக் காட்டினேன், அவ்வளவுதான்."

ராகேல் கண்ணை மூடிக்கொண்டார். "பயந்துட்டீங்க ஐயா" என்றார், எனக்காக இரங்குகிறவர்போல. அதுவும் பலிக்கவில்லை. மேடையில் பத்து நிமிடத்தில் நட்டதைத் தரையில் உட்கார்ந்து ஒரு நிமிடத்தில் பிடுங்க முடியாது என்று அன்று படித்தேன்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். கவ்வாத்து தெரிந்த மனுசன் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். இத்தனை நாள் ஒருவரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாமி விஷயம், அவர் வேறு சாமி கும்பிடுகிறவர், அவரிடம் என்ன கேட்பது என்று விட்டுவிட்டோம்.

"மாரிமுத்து, நீங்க சொல்லுங்க. இந்தச் செடியை உங்ககிட்டக் குடுத்தா வெட்டுவீங்களா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு மனைவியை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். மலையில் ஒரு செடிக்கு முன் நின்று பார்ப்பாரே, அந்தப் பார்வைதான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இதுல நான் கத்தியே வைக்கமாட்டேன்" என்றார். "கவ்வாத்துக்கு முந்தி வேரைப் பாப்பாங்க ராகேலு. வேர்ல சத்து இல்லாத செடியை வெட்டுனா செத்துப்போகும். காஞ்ச காத்துல வெட்டமாட்டோம். வெட்டுறப்பவும் மூச்சு விட ஒண்ணு ரெண்டு கிளையை விட்டுட்டுத்தான் வெட்டுவோம். வெட்டின தலையில வெயில் படக்கூடாதுன்னு மிலாறைப் போட்டு மூடுவோம். பெரிய வெட்டு அழுகிறக் கூடாதுன்னு மருந்து பூசுவோம். வெட்டிப்புட்டு அழுகட்டும்னு விட்டுட்டுப் போறவனை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

ராகேல் கண்ணைத் திறந்தார்.

"எனக்கு உங்க சாமியைத் தெரியாது. ஆனா வேலை தெரிஞ்சவருன்னு நீ சொல்லுற. வேலை தெரிஞ்சவரு இப்புடி வெட்டமாட்டாரு."

"அப்ப இதை வெட்டுனது யாரு?" என்று ராகேல் கேட்டார். நாக்குக் குழறியது.

"யாரும் வெட்டல புள்ள. குச்சி குத்திருச்சு."

அவ்வளவுதான் சொன்னார். ராகேல் கூரைத் தகரத்தைப் பார்த்தார். பிறகு கட்டில் சட்டத்திலிருந்து ஒரு கையை எடுத்து மாரிமுத்துவின் கழுத்தில் போட்டார். இன்னொரு கையையும் எடுத்தார்.

நாற்காலியில் வைத்துப் புடவையால் கட்டி நான்கு பேர் இறக்கினோம். சறுக்குகிற பாதையில் இரண்டு இடத்தில் நாற்காலி சாய்ந்தது. ராகேல் ஒரு சத்தம் போடவில்லை. ஆட்டோவில் அவருடைய தலை மாரிமுத்துவின் மடியில் இருந்தது, கால் என் மடியில். வளைவுக்கு வளைவு ஆட்டோக்காரப் பையன் ஹோர்ன் அடித்துக்கொண்டே ஓட்டினான். பதுளை வரும்வரை நான் ஜெபிக்கவில்லை. என்ன சொல்லி ஜெபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண், சின்ன வயது. காலைப் பார்த்தவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். "இவ்வளவு நாளும் என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்? முந்தியே வந்திருந்தால் விரலோட போயிருக்கும். இப்ப முழங்காலுக்குக் கீழ எடுக்கவேணும். இண்டைக்கே."

"என்னாலதான் டொக்டர்" என்றேன்.

"அதைப் பிறகு பாப்பம். முதல்ல அவவைக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கோ."

என் குற்ற உணர்ச்சிக்கு அங்கே நேரம் இல்லை என்று அந்தப் பெண் சொன்னது சரி. நெருக்கடியில் அழுகிற உபதேசியார் ஒருவருக்கும் உதவமாட்டார். ராகேல் பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "ஐயா, இது கவ்வாத்தா?" "இல்லம்மா. இது வைத்தியம்" என்றேன். கையெழுத்து வைத்தார்.

உயிர் தங்கியது. கால் போனது.

ஞாயிற்றுக்கிழமை அதே கோயிலில் நின்று நடந்ததைச் சொன்னேன். அலங்காரம் ஒன்றும் இல்லாமல், என் தப்பு என்று சொன்னேன். நோய் வந்தால் முதலில் மருந்து, வலித்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றேன். மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தேன். எலிசபெத்தக்கா எழுந்து நின்றார். ஆராதனை நடுவில் அப்படி ஒருவரும் எழும்புவதில்லை.

"அப்ப எங்க வீட்டுக்காரரு செத்தப்ப, மழைக்குப் பின்னாடி வெயில் வரும், இதுலயும் ஒரு நோக்கம் இருக்குன்னு சொன்னீங்களே ஐயா. அதுவும் தப்புங்களா? அதைப் புடிச்சுக்கிட்டுத்தானே ஏழு வருசம் இருக்கேன்."

நாம் போகிறபோக்கில் வீசிவிட்டு வரும் உதாரணத்தைச் சிலர் ஊன்றுகோலாக வைத்திருக்கிறார்கள். அதைப் பிடுங்கவும் பயமாக இருக்கிறது, கொடுக்கவும் பயமாக இருக்கிறது. "தெரியலக்கா, உங்களோட உக்காந்து யோசிக்கிறேன்" என்றேன். அடுத்த நாள் போய் உட்கார்ந்தேன். அவர் பேசினார், நான் கேட்டேன். ஏழு வருடத்துக்கு முன்பே அப்படிச் செய்திருக்கலாம்.

பருவத்தைப் பார்த்துப் பேசாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆண்டவரே விதையையும் அத்திமரத்தையும் காட்டித்தான் பேசினார். ஆனால் செடியைப் பற்றிப் பேசுமுன் செடி தெரிந்தவனைக் கேளுங்கள், அவன் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி. மலைக்கு ஒரு பாடம் சொல்லுங்கள், மனுசருக்குச் சொல்லுமுன் கட்டை அவிழ்த்துக் காலைப் பாருங்கள். கஷ்டப்படுகிறவரை ஒருபோதும் மேடையில் உதாரணம் ஆக்காதீர்கள். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன், கோபம் என்மேல்.

திங்கட்கிழமை பார்வையாளர் நேரத்தில் வார்டுக்குப் போனேன். ராகேல் தலையணையில் சாய்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் பாதியில் தட்டையாகக் கிடந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

"ஐயா, ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டே படுத்திருக்கேன். இதுல ஆண்டவரு என்ன பாடம் வச்சிருக்காருன்னு புடிபடல. நீங்க சொல்லுங்க."

தம்பிமாரே, பழக்கம் எவ்வளவு பொல்லாதது தெரியுமா? அவர் கேட்டு முடிக்குமுன் மூன்று பாடம் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மூன்றும் நல்ல பாடங்கள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியல தங்கச்சி."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

ராகேல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெடித்து அழுதார். இத்தனை வருடம் பாட்டில்கூடக் கேட்காத குரல், வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். சிங்களத் தாதி ஒருவர் ஓடிவந்து, தெரிந்த தமிழில், "அம்மா, வலிக்குதா?" என்று கேட்டார்.

"வலிக்குது மிஸ்ஸி" என்றார் ராகேல். "குத்துன அன்னைக்கிலேருந்தே வலிக்குது."